இளையோர் குழுவைப் பாறை இடுக்குகளுக்குள் அழைத்துச் செல்லுதல்: அனுபவமுள்ளவர்களிடம் சில கேள்விகள்

வழித்துணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளையோர் குழு ஒன்றைத் தன்னார்வலராக நடத்தி வருகிறேன். 13 வயது முதல் 17 வயது வரை 14 பேர் இருக்கிறார்கள். என்னையும் சேர்த்துப் பெரியவர்கள் மூவர். வரும் ஆகஸ்டில் அவர்களை யூட்டா மாநிலத்தின் தென்பகுதிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். மணற்பாறையை வெள்ளம் காலங்காலமாக அறுத்து உண்டாக்கிய 'ஸ்லாட் கேன்யன்' எனப்படும் பாறை இடுக்குகள் அங்கே நிறைய உண்டு. இரு கைகளையும் நீட்டினால் இரு பக்கச் சுவர்களையும் தொட்டுவிடலாம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடாவைப் போலத் தெரியும்.

பெரியவர்களோடு நான்கைந்து முறை இத்தகைய இடுக்குகளுக்குள் போய் வந்திருக்கிறேன். கயிற்றில் இறங்கவும் பயிற்சி பெற்றிருக்கிறேன். முதல் நாள் கயிறு தேவைப்படாத ஓர் இடுக்கு, மறுநாள் சயான் தேசியப் பூங்காவில் மூன்று இடங்களில் கயிற்றில் இறங்க வேண்டிய ஓர் இடுக்கு என்பது திட்டம். பெரியவர்களோடு போவதிலிருந்து இது எந்தெந்த வகையில் வேறுபடுகிறது என்பதை, இளையோரை அழைத்துச் சென்றவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெற முடியாதவற்றைத்தான் கேட்கிறேன்.

செம்பாறை எழுதியது:

வழித்துணை அவர்களே, முதலில் மாதத்தையும் எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

ஆகஸ்ட் என்பது அந்தப் பகுதியின் பருவமழைக் காலத்தின் நடுப்பகுதி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை அதைக் கணக்கிடுகிறார்கள். ஜூலைக்குப் பிறகு, காலையில் துளி மேகம்கூட இல்லாத வானம் பிற்பகல் இரண்டு மணிக்குள் இடியும் மின்னலுமாக மாறிவிடுவது அங்கே வழக்கமான செய்தி. பெரியவர்கள் நால்வர் என்றால் விடியற்காலையில் நுழைந்து, மேகம் திரள்வதற்குள் வெளியேறிவிடலாம் என்று கணக்குப் போடலாம். பதினேழு பேருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை பூங்காவின் விதியே உங்களைத் தடுத்துவிடும். ஒரே பள்ளி, ஒரே சங்கம், ஒரே குடும்பம் என்று ஏதேனும் ஒரு தொடர்புடையவர்கள், ஒரே நாளில் ஒரே இடுக்கில் 12 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சில இடுக்குகளில் வரம்பு இதைவிடக் குறைவு. இரண்டு அனுமதிச் சீட்டுகள் வாங்கிக்கொண்டு அரை மணி நேர இடைவெளியில் நுழைந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். விதி அதையும் ஒரே குழுவாகத்தான் கொள்கிறது.

விதி இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். ஒருவர் இறங்கும் கருவியை மாட்டிக்கொண்டு, சரிபார்க்கப்பட்டு, இறங்கி, கயிற்றை விடுவித்து, ஒதுங்கி நிற்க 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; முதன்முறை இறங்கும் 13 வயதுப் பிள்ளைக்கு இது தாராளமான கணக்கு அன்று. 17 பேருக்கு 102 நிமிடம். மூன்று இறக்கங்களுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். நடை, நீச்சல், உணவு, கழிவறை எல்லாம் இதற்கு வெளியே. வெயிலே படாத அந்த அடியில், இடுப்பளவு நீரில் நனைந்த பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் காத்து நிற்கும்போது, வெளியே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தாலும் உள்ளே உதடு நீலம் பாரித்துவிடும். கோடையில் உடல் வெப்பம் குறைந்து துன்புறுவார்கள் என்பதைப் பெற்றோர் எவரும் எளிதில் நம்புவதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கயிறே தேவைப்படாத ஓர் இடுக்குக்கு 11 பிள்ளைகளோடு போனோம். மூன்று மணி நேரத்தில் முடியும் என்று பெற்றோருக்குச் சொல்லியிருந்தேன். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. எங்கே போயிற்று அந்த நேரம் என்று பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு பையனின் காலணியின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. ஒரு பெண் பாதி வழியில், சுவர்கள் நெருங்கி வருவதாகச் சொல்லி, அழவும் இல்லாமல் நகரவும் இல்லாமல் நின்றுவிட்டாள். ஆனால் பெருந்தாமதத்துக்குக் காரணம் பிள்ளைகள் அல்லர். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் நல்ல ஆகிருதி உடையவர். இடுக்கு மிகவும் ஒடுங்கிய இடத்தில் அவரால் நுழையவே முடியவில்லை. அவருக்கு முன்னே ஏழு பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள், அவர்களோடு பெரியவர் எவரும் இல்லை. யூட்டாவிலுள்ள ஸ்பூக்கி போன்ற இடுக்குகளில் ஓர் அடிக்கும் குறைவான அகலம் உள்ள இடங்கள் உண்டு. பிள்ளைகளின் உடலளவை மட்டும் எண்ணிப் பார்த்த நாங்கள் எங்கள் உடலளவை எண்ணிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, முன்னே செல்பவரும் கடைசியில் வருபவரும் அந்த இடுக்கை ஏற்கெனவே முழுவதும் கடந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொண்டேன். படம் பார்த்தது, காணொளி பார்த்தது எதுவும் கணக்கில் சேராது.

நீர்நிலை எழுதியது:

செம்பாறை அவர்கள் மாதத்தைச் சொல்லிவிட்டார். நான் நீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சற்று நீளமாக.

இந்த இடுக்குகளைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மொட்டைப் பாறை. மண்ணும் வேரும் இருக்கும் நிலத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஊறிப்போகும். மொட்டைப் பாறையில் பெய்வது ஓட்டுக்கூரையில் பெய்வது போல, விழுந்த அளவில் வழிந்து ஓடிவிடும். பல சதுர மைல் கூரையின் நீர் முழுவதும் மூன்றடி அகலமுள்ள ஒரே குழாய்க்குள் வருகிறது என்று நினைத்துக்கொண்டால், அந்தக் குழாய்க்குள் நிற்பவரின் நிலை புரியும். ஆகவே உங்கள் தலைக்கு மேலே மழை பெய்கிறதா என்பது கேள்வியே அன்று. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில், பேஜ் நகருக்கு அருகிலுள்ள கீழ் ஆன்டிலோப் இடுக்கில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். இடுக்கு இருந்த இடத்தில் குறிப்பிடத்தக்க மழை இல்லை. புயல்மழை பெய்தது மேல்புறத்தில் பல மைல் தொலைவில்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 2015 செப்டம்பர் 14 அன்று சயான் பூங்காவில் வர்ஜின் ஆற்றின் வடகிளையில் நீர்வரத்து வினாடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடியாக உயர்ந்தது. எடுத்துக்கொண்ட நேரம் 15 நிமிடம். 150 கன அடியைத் தாண்டினாலே அந்த ஆற்றின் 'நேரோஸ்' பகுதியில் நடப்பதற்குத் தடை விதித்துவிடுவார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று கீஹோல் என்ற இடுக்கில் இறங்கியிருந்த ஏழு பெரியவர்கள் எழுவரும் இறந்தார்கள். காலையில் அனுமதிச் சீட்டு வாங்கியபோதே வெள்ள வாய்ப்பு அதிகம் என்ற அறிவிப்பு இருந்தது. பிற்பகலில் எச்சரிக்கை இன்னும் கடுமையாயிற்று. ஆனால் இடுக்குக்குள் கைப்பேசி வேலை செய்யாது. நீங்கள் வண்டியை விட்டு இறங்கிய பிறகு வெளியாகும் எந்த எச்சரிக்கையும் உங்களுக்கானது அன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி நல்லதுதான். அதற்கும் வானம் ஓரளவு திறந்திருக்க வேண்டும்.

மழையில்லாமலும் நீர் வரும். 1993 ஜூலையில் சால்ட் லேக் நகரத்துத் தேவாலயம் ஒன்றைச் சேர்ந்த ஐந்து பதின்பருவப் பையன்களும் மூன்று பெரியவர்களும் சயானை ஒட்டிய கோலோப் ஓடைக்குள் இறங்கினார்கள். அந்த ஓடையின் தலைப்பில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரின் அளவு அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. பெரியவர்கள் இருவர் மூழ்கி இறந்தார்கள். எஞ்சிய பெரியவர் ஒருவரும் பையன்களும் மீட்கப்படும் வரை பல நாள்கள் ஒரு திட்டில் சிக்கியிருந்தார்கள். இளையோரை அழைத்துச் செல்பவர்கள் இந்த நிகழ்வைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னே சென்று நீரைச் சோதித்துப் பார்ப்பவர் வழிநடத்துபவரே. எனவே முதலில் வீழ்பவரும் அவராகவே இருக்கலாம். அதன் பிறகு பிள்ளைகளிடம் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேடுபள்ளங்களைக் காட்டும் நில வரைபடத்தில் உங்கள் இடுக்கின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். வானிலை முன்னறிவிப்பை அருகிலுள்ள ஊருக்கு அன்று, அந்தக் கோட்டுக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாருங்கள். மேலே அணையோ நீர்த்தேக்கமோ இருந்தால் அதை நிர்வகிப்பவர்களிடம் பேசுங்கள்.

முடிச்சு எழுதியது:

கயிற்றைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர்களோடு போகும்போது, சிக்கிக்கொண்டவர் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்வார் என்ற எண்ணம் நம் மனத்தின் அடியில் இருக்கிறது. பிள்ளைகளிடம் அந்த எதிர்பார்ப்புக்கு இடமில்லை. நீளமான கூந்தலோ, தொளதொளத்த சட்டையின் நுனியோ இறங்கும் கருவிக்குள் இழுபட்டுவிட்டால், 40 அடி உயரத்தில் தொங்கும் பிள்ளையால் தன் எடையைத் தூக்கி அதை விடுவிக்க முடியாது. ஆகவே கயிற்றை மேலே அசையாமல் முடிந்துவிடாமல், சுமை இருக்கும்போதே தளர்த்திக் கீழே இறக்கக்கூடிய விதத்தில் கட்ட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பெரியவர் மேலேயே, கடைசி ஆளாக, இருக்க வேண்டும். கீழே முதலில் இறங்கிய பெரியவர் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையின் பிடி நழுவினால் அதைக் கீழிருந்து இறுக இழுத்த மாத்திரத்தில் இறக்கம் நின்றுவிடும். மேலே ஒருவர், கீழே ஒருவர், இறங்கி முடித்துக் குளிரில் காத்திருக்கும் கூட்டத்தோடு ஒருவர். மூன்று பெரியவர்கள் என்பது உங்களுக்குத் தாராளமான எண்ணிக்கை என்று தோன்றியிருக்கும். எனக்கு அது எவருக்கும் கால் சுளுக்காத நாளுக்கு மட்டும் போதுமான எண்ணிக்கை.

முன்னே போனவர்கள் விட்டுச் சென்ற பட்டைக் கயிறு பாறையில் கட்டப்பட்டிருந்தால், அதைச் சுற்றிலும் தடவிப் பார்க்காமல் அதில் உங்கள் எடையை ஏற்றாதீர்கள். வெயிலும் மணலும் அதை எளிதில் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் பக்கம் நன்றாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கயிற்றை உருவிய பிறகு திரும்பிப் போக வழியில்லை. முதல் இறக்கத்தில் கடைசி ஆள் இறங்கிக் கயிறு கீழே விழும் அந்த ஒலியோடு, இதுவரை 'போகலாமா' என்று இருந்த கேள்வி முடிந்துபோகிறது. அதனால்தான், கயிற்றை உருவுவதற்கு முன் எல்லாரையும் கீழே நிறுத்தி, நேரத்தையும் வானத்தையும் முகங்களையும் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். இரண்டு முறை, கயிற்றின் வழியே அனைவரையும் மேலே ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். மிகவும் சிரமமான வேலை, பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

குதிப்பதைப் பற்றி ஒரு வரி: குதிக்க விடாதீர்கள். கலங்கிய சுனையின் ஆழம் சென்ற வாரம் இருந்தது போல இந்த வாரம் இராது. இடுக்குகளில் கணுக்காலும் முழங்காலும் உடைவது பெரும்பாலும் குதிப்பதால்தான்.

ஒரு தாய் எழுதியது:

நான் மலையேறுபவள் அல்லள். இத்தகைய பயணம் ஒன்றுக்கு என் மகளை அனுப்பக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதுபவர்கள் பொறுப்பானவர்கள் என்பது தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்: தன்னார்வலர்கள் இதைச் செய்யவே வேண்டுமா? ஊதியம் பெறும் தொழில்முறை வழிகாட்டிகளிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன? மற்றொன்று, அழைத்துச் செல்பவர் நன்கு அறிந்தவர்தாம் என்பதை என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

செம்பாறை எழுதியது:

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு இடத்தைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். ஆன்டிலோப் இடுக்கு நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. அங்கே வழிகாட்டி இல்லாமல் எவரும் நுழையவே முடியாது. சயான் பூங்காவிலோ நேர்மாறு: பூங்காவின் இடுக்குகளில் கயிறு கொண்டு இறங்கும் பயணங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்த எவருக்கும் அனுமதியில்லை. பூங்காவுக்கு வெளியே வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளலாம்; முதல் பயணத்துக்கு அதுவே நல்லது என்பேன். ஆனால் தொழில்முறை வழிகாட்டி என்பது மட்டுமே காப்பு ஆகிவிடாது. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்டன்பாக் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் வழிகாட்டிகள். மேலே இடியுடன் மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டாம் கேள்விக்கு என்னிடம் ஒரே விடைதான் இருக்கிறது. அழைத்துச் செல்பவரிடம், "கடைசியாக எப்போது பாதியில் திரும்பினீர்கள்?" என்று கேளுங்கள். இடம், நாள், காரணம் ஆகியவற்றை உடனே சொல்பவராக இருந்தால் நம்பலாம். திரும்ப வேண்டிய தேவையே வந்ததில்லை என்பவர், மிகக் குறைவாகப் போயிருப்பார் அல்லது திரும்ப வேண்டிய நாளில் திரும்பாதவராக இருப்பார்.

இளையோர் குழுவை நடத்துவதில் மிகக் கடினமான வேலை இதுதான் என்று பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். கயிறும் முடிச்சும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதமாக நிதி திரட்டி, விடுப்பு எடுத்து, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, இடுக்கின் வாயிலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து "இன்று இல்லை" என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை. 2018 ஏப்ரல் 26 அன்று இஸ்ரேலில் சாக்கடலுக்கு அருகே நஹால் ட்சாஃபித் என்ற இடுக்கில் பதின்பருவ இளையோர் பத்துப் பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். வெள்ளம் வரும் என்ற முன்னறிவிப்பு நாட்டு மக்கள் அனைவரும் அறிந்ததாகவே இருந்தது. முந்தைய நாளே அவர்களில் ஒரு பெண் தன் அச்சத்தைக் கைப்பேசியில் தோழியிடம் சொல்லியிருக்கிறாள். அறிவிப்பு இருந்தது, அச்சம் இருந்தது, பயணமும் நடந்தது. அந்த அச்சத்தை அழைத்துச் சென்றவர்களிடம் சொல்வதற்கு வழி இருந்ததா, சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது.

ஆகவே மறுப்பை மலிவாக்கி வைக்க வேண்டும். என் குழுவில் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு திட்டங்களைச் சம மதிப்புடன் அறிவிக்கிறேன். ஒன்று இடுக்கு, மற்றொன்று மேட்டு நிலத்தில் நடை. இரண்டாவதைத் 'தவறினால்' என்ற சொல்லோடு அறிவிப்பதில்லை. முடிவைக் காலை உணவுக்கு முன்பே, இடுக்கைப் பார்ப்பதற்கு முன்பே, எழுதி வைத்த அளவுகோலின்படி எடுத்துவிடுகிறோம். முன்னறிவிப்பில் வெள்ள வாய்ப்பு பற்றிய சொல் எந்த அளவில் இருந்தாலும் போவதில்லை. வாயிலில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து வாக்குவாதம் செய்யும் நிலையை வரவே விடக் கூடாது. பிள்ளைகளில் எவரும் காரணம் சொல்லாமல் என்னிடம் தனியே வந்து மறுக்கலாம். அவரோடு ஒரு பெரியவர் வெளியே தங்குவார். அதற்கும் சேர்த்துத்தான் பெரியவர்களை எண்ண வேண்டும்.

தனிநடை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்த உரையாடலைப் படிக்கும் எந்தப் பெற்றோரும் பிள்ளையைக் குளியலறைக்குக்கூட அனுப்ப மாட்டார்கள். நாங்கள் பதினைந்து வயதில் ஒரு கயிறு, இரண்டு விளக்கு, பெரியவர் ஒருவர் என்று போய் வந்தவர்கள். இடுக்குக்குள் சுவரில் முதுகையும் எதிர்ச்சுவரில் பாதத்தையும் ஊன்றி நகரக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை அடையும் தன்னம்பிக்கையை வகுப்பறையில் உண்டாக்க முடியாது. எழுதி வைத்த விதிகளின்படி பெரியவர்களே எல்லாவற்றையும் தீர்மானித்தால் பிள்ளைகள் சுமையாகத்தான் இருப்பார்கள். முடிவெடுக்க எப்போது கற்பார்கள்? செம்பாறை அவர்கள் சொல்லும் அந்தக் காலைக் கூட்டத்தைப் பிள்ளைகளே நடத்தட்டும் என்பது என் எண்ணம்.

நீர்நிலை எழுதியது:

பிழைத்து வந்தவர்கள்தாம் 'நாங்கள் போய் வந்தோம்' என்று எழுத முடியும் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, கடைசி வரியை முழுமனத்தோடு ஏற்கிறேன். நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கோடிடும் வேலையைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பாருங்கள். மேலே ஒரு கிளை ஓடை விடுபட்டிருப்பதை எனக்கு ஒருமுறை காட்டித் தந்தது அப்படிப்பட்ட ஒருத்திதான். போகக் கூடாது என்று பிள்ளைகள் முடிவெடுத்தால் அதுவே இறுதி. போகலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால் பெரியவர்களின் ஒப்புதலும் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல் முன்பே சொல்லிவிட்டால் அவர்கள் வருந்துவதில்லை.

வழித்துணை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்டேன். என் திட்டத்திலேயே பாதி இல்லாமல் போய்விட்டது, அதுவும் நன்மைக்கே. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துப் போன பிறகும், உள்ளே இருக்கும்போது நீர் வந்தால்? திட்டில் ஏறி நிற்பதா, வேகமாக வெளியேறுவதா?

முடிச்சு எழுதியது:

ஏறுங்கள். வெள்ளத்தை ஓடி முந்த முடியும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீர் திடீரென்று கலங்குவது, சுள்ளியும் சருகும் மிதந்து வருவது, காரணமில்லாமல் காற்று வீசுவது, தொலைவில் இரயில் வருவது போன்ற இரைச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பொருள்களைப் பற்றி யோசிக்காமல், கைக்கு எட்டும் மிக உயரமான இடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றுங்கள். சில அடி உயரமும் உயிரைக் காக்கும். போகும்போதே, "இப்போது நீர் வந்தால் எங்கே ஏறுவீர்கள்?" என்று பிள்ளைகளிடம் சற்றைக்கொரு முறை கேட்டுக்கொண்டே போனால், அவர்களின் கண் தானாகவே திட்டுகளைத் தேடப் பழகிவிடும். தலைக்கு மிக மேலே இடுக்கில் செருகியிருக்கும் மரக்கட்டைகளையும் காட்டுங்கள். அவை வெள்ளம் விட்டுச் சென்ற அளவுக்குறிகள். பல நிமிடம் நடந்தும் ஏற இடமே தென்படாத பகுதி என்றால், அந்த இடுக்கு இளையோருக்கு உரியதன்று என்று நான் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவேன்.

நீர்நிலை எழுதியது:

ஏறிய பிறகு இறங்காமல் இருப்பதுதான் கடினம். நியூசிலாந்தின் மங்காடெபோபோ பள்ளத்தாக்கில் 2008 ஏப்ரல் 15 அன்று நடந்ததை மிகுந்த மரியாதையோடு குறிப்பிடுகிறேன். அந்தப் பயிற்றுநரின் இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பத்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு பயிற்றுநர். மழையால் ஓடை பெருகியது. ஒரு திட்டில் ஒதுங்கினார்கள். நீர் மேலும் உயர்ந்தது, பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள். நீந்தத் தெரியாதவர்களை நீந்தத் தெரிந்தவர்களோடு பிணைத்து, ஒவ்வொருவராகக் கீழே விட்டு மீட்கலாம் என்று பயிற்றுநர் முடிவெடுத்தார். ஆறு மாணவர்களும் ஆசிரியரும் இறந்தார்கள்.

அந்த நிலையில் குளிர் தருகிற அழுத்தம் நீர் தருகிற அழுத்தத்துக்குக் குறைந்ததன்று. நடுங்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எவராலும் மணிக்கணக்கில் சும்மா இருக்க முடியாது. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற உந்துதல் வந்துவிடும். இதனால்தான் ஒவ்வொரு பிள்ளையிடமும் உலர்ந்த மேலாடை ஒன்று நீர் புகாத பையில் இருக்க வேண்டும், பெரியவர்களிடம் வெப்பம் காக்கும் விரிப்புகளும் மறுநாள் காலை வரைக்குமான உணவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அவற்றை வசதிக்கான பொருள்களாக எண்ணாதீர்கள். திட்டிலேயே தங்குவது என்ற முடிவை உங்களால் தாங்க முடிவது அவற்றால்தான்.

வழித்துணை எழுதியது:

எங்கள் பெரியவர்கள் மூவரும் நேற்றிரவு பேசினோம். ஆகஸ்ட் பயணத்தைக் கைவிட்டுவிட்டோம். அக்டோபரில், சான் ரஃபேல் பகுதியிலுள்ள லிட்டில் வைல்டு ஹார்ஸ் இடுக்கில் நுழைந்து பெல் இடுக்கு வழியாகத் திரும்பும், ஏறத்தாழ எட்டு மைல் சுற்றுவழியை மட்டும் நடக்கிறோம். அதற்குக் கயிறு தேவையில்லை. ஏழு ஏழு பேராகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு நாள்களில் போகிறோம். ஒரு பாதி இடுக்கில் இருக்கும்போது மறுபாதி மேட்டு நிலத்தில் நடக்கும். அதற்காக மேலும் மூன்று பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இருவர் செப்டம்பர் இறுதியில், பிள்ளைகள் இல்லாமல், வழி முழுவதையும் நடந்து பார்க்கிறோம். நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கோடிடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். முதல் வரைவில் என் கோட்டைவிட அவர்கள் கோடு பெரியதாக இருக்கிறது. கயிற்றில் இறங்குவதை இந்த ஆண்டு வெட்டவெளிப் பாறை ஒன்றில், வறண்ட நிலத்தில், கற்றுக்கொள்ளட்டும்.

செம்பாறை எழுதியது:

நல்ல திட்டம். மூன்று சிறு செய்திகள். அக்டோபரிலும் முன்னறிவிப்பு முன்னறிவிப்புதான், அளவுகோலைத் தளர்த்தாதீர்கள். உள்ளே போகிற பெரியவர்களில் ஒருவரிடம் மட்டும் வண்டிச் சாவி இருக்கக் கூடாது. காயப்படுபவர் அவராக இருந்தால் மற்றவர்கள் வண்டியின் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், எங்களுக்கு அது ஒருமுறை நடந்திருக்கிறது. யூட்டாவில் காணாமற்போனவர்களைத் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்த மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்துடையது. நீங்கள் போகும் இடம் எமரி மாவட்டம். வீட்டில் காத்திருக்கும் ஒருவரிடம் அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் அவர் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.